வலி என்று மட்டும் சொல்லாதவர்

ஒருவருடைய வலியை நான் பொய்யாக்கினேன். நேராகப் பொய் என்று சொல்லவில்லை. "நடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது" என்றுதான் சொன்னேன். கேட்டவருக்கு அது போதுமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவன் நான். எந்தச் சொல் எங்கே போய் விழும் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இப்போது எழுதினால், அது இரண்டாவது தவறாகிவிடும். தெரிந்துதான் சொன்னேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. "என்னைப் பத்தி எழுதுனா எழுதுங்க சார், பேரு மட்டும் வேண்டாம். அப்புறம் ஊர்ல எல்லாரும் வந்து கைய அமுக்கிப் பாப்பாங்க" என்று ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் தேயிலை எஸ்டேட் சர்ச் ஹாலில் ஞாயிறு மதியம் ஒரு வகுப்பு நடத்தினேன். வெளிநாட்டுக்கு நர்ஸாகவும் முதியோரைப் பார்த்துக்கொள்ளவும் போக விரும்பும் பெண்களுக்கான ஆங்கில வகுப்பு. பெரும்பாலும் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைகள். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா தேயிலை ஃபேக்டரியில் அல்லது மூணாறு லாட்ஜில். அவர்கள் எழுத வேண்டிய தேர்வில் ஒரு பகுதி, நோயாளியோடு பேசுவது. எதிரில் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு எங்கே, எப்படி வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கரும்பலகையில் வலிக்கான ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதிப்போட்டேன். ஏக், சோர், த்ராபிங், பர்னிங், ஷூட்டிங், ஸ்டிஃப். பிள்ளைகள் ஒரே வாரத்தில் ஒப்பித்துவிட்டார்கள். ஆனால் ஒரு ஒத்திகையில் ஒரு பெண் நோயாளியைப் பார்த்து, மூச்சுவிடாமல் எல்லாச் சொற்களையும் கேட்டு முடித்தாள். காய்கறிக்காரரிடம் விலை கேட்பதுபோல இருந்தது. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியும், நோயாளியாக உட்காரச் சொல்லலாம் என்று அவள்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. சிவப்புக் கம்பளி மப்ளர், முகத்தில் கொஞ்சம் அதிகப்படியான பவுடர். சுவரோரம் கிடந்த நாற்காலியை ஒரு கையால் இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். "கேளுங்கட்டி" என்றார்.

ஜெனிஃபர் என்ற பெண் எழுந்து, எங்கே வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உடம்பில்."

"எப்படிப்பட்ட வலி?"

"வலிக்கிற வலி."

ஹாலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தமிழுக்கு மாறினார். "எஸ்டேட் ஆஸ்பத்திரியில நம்ம இப்படித்தானட்டி சொல்லுதோம். மேலுக்கு முடியலன்னு. காய்ச்சலா இருந்தாலும் அதான், வயித்த வலியா இருந்தாலும் அதான், புருசன் அடிச்சு வீங்கிருந்தாலும் அதான். டாக்டரும் எல்லாத்துக்கும் ஒரே மாத்திரையக் குடுப்பாரு. அங்க போயி வெள்ளக்காரக் கிழவிக்கும் அதே மாத்திரையக் குடுத்துட்டு வரவா போறீங்க?"

நானும் லயத்தில் பிறந்தவன்தான். என் அம்மா ஆயுள் முழுக்க அந்த ஒரே வாக்கியத்தைத்தான் மருந்து ஜன்னலில் சொன்னார். பின்னால் வரிசையில் ஆண்கள் நிற்பார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் மலையாளத்தில் கேட்பார். எல்லாவற்றையும் போர்த்திக்கொள்ள அந்த வாக்கியம் ஒரு நல்ல கம்பளி. அதற்குள் என்ன இருந்தது என்று அம்மா இறந்தபோதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கம்பளியை அவர் உருவி எறிந்தார். அவர் எதிரில் யாரும் வெறுமனே வலிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வகுப்புக்கு வராமல்போன பெண், மறு வாரம் "மேலுக்கு முடியலக்கா" என்றால், எந்த மேலு, மேல் மேலா கீழ் மேலா, குத்துச்சா குடைஞ்சுச்சா, படுத்தா தேவலையா நடந்தா தேவலையா என்று நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பார். அதையும் ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லி மற்ற பெண்களை ஏவிவிடுவார். பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை என்பது தெரிந்துபோகும். அவளுக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருக்கும்.

என் சொற்களை அவர் எங்கள் மலைக்குக் கொண்டுவந்தார். ஸ்டிஃப் என்றால், மழையில் நனைஞ்சு வெயிலில் காய்ஞ்ச படங்கு, மடக்குனா முறியும் என்றார். கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் தார்ப்பாய்தான் படங்கு. அதைக் கட்டியிராத பெண் அந்த ஹாலில் ஒருத்தியும் இல்லை. சோர் என்றால் முதல் நாள் மலை ஏறி இறங்கியவளின் மறுநாள் கெண்டைக்கால். ஸ்டிங்கிங்குக்கு, பட்டால் சுரீரென்று அரிக்கும் செந்தட்டி இலை. டெண்டர் என்பதற்கு, "தொடாத வரைக்கும் ஒண்ணும் இல்ல, தொட்டாத்தான் தெரியும், மாமியா பேச்சு மாதிரி" என்றார். டல் ஏக் என்பதை விளக்க, பக்கத்து லயத்தில் ராத்திரி முழுக்க ஓடும் டிவி என்றார். சத்தம் பெரிதில்லை, ஆனால் தூங்க முடியாது.

அவருக்கு இந்த ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இளம் வயதில் அவர் சென்ற ஜீப் கவிழ்ந்திருக்கிறது. வெளியே ஒரு கீறல் இல்லை. கழுத்திலிருந்து இடது கைக்குப் போகும் நரம்பு மட்டும் கெட்டுப்போனது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். அங்கே டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் தினமும் காலையில் வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஒரே கேள்விகளைக் கேட்பார்களாம். "கொஞ்ச நாள்ல அவங்க வாயத் தொறக்குமுன்னயே நானே கேள்வியையும் சொல்லி, பதிலையும் சொல்லிருவேன். பாவம், பரிச்சைக்குப் படிக்கிற புள்ளைக." ஒருநாள் அனுதாபத்துக்கு ஆசைப்பட்டு வலியைக் கூட்டிச் சொன்னாராம், ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். இன்னொரு நாள் வீட்டு நினைப்பில் குறைத்துச் சொன்னாராம்; மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு உள்ளது உள்ளபடிதான்.

அந்தக் கைவலி அவரை விட்ட நாளே கிடையாது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். யாராவது கேட்டால், மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். "இன்னைக்கு நூல்மழை சார். நனையுறது தெரியாது, பாத்தா நனைஞ்சிருப்போம்." வேறொரு நாள், "தோள்ல இருந்து சுண்டுவிரல் வரைக்கும் ஈரக்கையால கரண்டு கம்பியத் தொட்ட மாதிரி" என்பார். சொல்லிவிட்டு, பித்தப்பையில் கல் இருக்கும் கிழவியாக நாற்காலியில் உட்கார்ந்து, பார்ப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்படி சுருண்டுபோவார். ஒரு வலியைச் சுமந்துகொண்டே இன்னொரு வலியை எடுத்து உடுத்துவதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஜெனிஃபர் ஒருமுறை கேட்டாள், எது நடிப்பு, எது நிஜம் என்று எப்படி அக்கா கண்டுபிடிப்பது என்று.

"நெசமா வலிக்கையில நான் மூஞ்சியச் சுளிக்க மாட்டேன்" என்றார் அவர். "சுளிச்சா அதுவும் சேந்து வலிக்கும்."

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பு மெல்ல மெல்ல அவருடையதாகிக்கொண்டிருந்தது. நான் இலக்கணம் நடத்தும்போது கடிகாரத்தைப் பார்க்கும் பெண்கள், அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு ஞாயிறு எனக்குத் தலைவலி. வகுப்பைச் சீக்கிரம் முடிக்கலாம் என்றேன். "தலைவலின்னு சொன்னா எப்படி சார்" என்று என்னையே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். பெண்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். முன்னாலா, பின்னாலா? காலையிலா, மாலையிலா? படிக்கும்போதா, நடக்கும்போதா? கடைசியில் ஒருத்தி எழுந்து, சாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் கண் டாக்டர் அதையேதான் சொன்னார். அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயம்தான். எழுதும்போதே கூசுகிறது.

அந்த வாரமே பஜார் டீக்கடையில் எஸ்டேட்டின் இளம் அதிகாரி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மலையாளி, நல்ல பிள்ளை, பெரியவர்களிடம் மரியாதை உள்ளவர்; வாத்தியார் என்பதால் என்னை மாஷ் என்பார். காப்பகத்தில் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள், இரண்டு பேரில் ஒருவர் போதும், மற்றவரைத் தோட்டத்து வேலைக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாஷே, ஒரு காரியம் கேக்கட்டே. அவங்க கைவேதனை உள்ளதுதானா? பார்த்தா ஒண்ணும் தெரியல. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க."

ஆம், உள்ளதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. நான் டீயை ஆற்றிக்கொண்டே, "நடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் வகுப்பில் வாரம் ஒரு நோய்" என்றேன். இருவரும் சிரித்தோம். அவரே டீக்குக் காசு கொடுத்தார்.

பிறகு ஒருநாள் அடிமாலி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வளைவில் பஸ் மெதுவானபோது, சாலையை ஒட்டிய சரிவில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது விரலால் கிள்ளுவதில்லை. இரண்டு கையாலும் பிடித்து வெட்டும் பெரிய கத்தரி. வரிசையின் கடைசியில் சிவப்பு மப்ளர். இடது கை பிடியை விட்டு நழுவாமல் இருக்க, மணிக்கட்டைக் கத்தரிப் பிடியோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பஸ் வளைவைத் தாண்டியது. நிறுத்தச் சொல்லி நான் இறங்கவில்லை.

என் பேச்சால்தான் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டோம் என்பது அவருக்குத் தெரியும். அந்த அதிகாரியே ஒளிவில்லாமல் சொல்லியிருக்கிறார், மாஷும் அப்படித்தானே சொன்னார் என்று. அது தெரிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்தார். இன்று தன் கையையே நடித்துக்காட்டி என்னைக் கூனிக்குறுக வைக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் காதுவலி வந்த சின்னக் குழந்தையாக உட்கார்ந்தார். பேசத் தெரியாத குழந்தை. வலியை எப்படிக் கேட்பீர்கள் என்று பெண்களுக்குப் புதிதாக ஒரு சிக்கல் வைத்தார். போகும்போது என்னிடம் வழக்கம்போல, "வரட்டா சார்" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னது தவறு, அவர் வலி நிஜம், பொறாமையில் பேசிவிட்டேன் என்றேன். அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "மாஷ் அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் மேலே எதைச் சொல்ல?" மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் வேண்டும், தேவையான அளவுக்கு ஊனம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் மறுநாளே காப்பகத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். நியாயம்தான்.

விண்ணப்பம் எழுதினேன், அலைந்தேன், நாள் வாங்கினேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் என்னோடு பஸ் ஏறினார். போகிற வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். உச்சமாக வலிக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள், அதையே இன்றைக்கு வலிப்பதாகச் சொல்லுங்கள், டாக்டர் கையைத் தூக்கினால் கத்துங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடிப்பதற்கு அவருக்கா சொல்லித்தர வேண்டும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போர்டில் மூன்று டாக்டர்கள். இளம் பெண் டாக்டர் ஒருவர் கையைத் தூக்கிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார், பழைய காகிதங்களைப் புரட்டினார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று.

"இன்று நான்கு" என்றார் அவர். நல்ல, தெளிவான ஆங்கிலத்தில். "எரிச்சல் இல்லை. விரல்களில் மரத்துப்போன உணர்வு. முழங்கைக்கு மேலே லேசான கடுப்பு."

நான் குறுக்கே புகுந்து, டாக்டர், இவருக்குப் பெரும்பாலும் தாங்கமுடியாத வலி என்றேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். அப்படியா என்றார்.

"நேற்று எட்டு" என்றார் அவர். "இன்று நான்கு."

டாக்டர் எழுதிக்கொண்டார். கிடைத்த ஊனச் சதவீதம் போதவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை. எட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன், வந்த காரியம் கெட்டுப்போன கோபம் மட்டும் அல்ல, என் கடன் தீராமல் போன கோபமும்.

அவர் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வலது கையால் நீவிக்கொண்டிருந்தார். "நேத்துதான் சார் எட்டு. இன்னைக்குத்தான கேட்டாங்க."

"அதனால் உங்களுக்குத்தானே நஷ்டம்?"

"நான் ஒருநா கூட்டிச் சொன்னேன்னு வைங்க. அப்புறம் நீங்க டீக்கடையில சொன்னது சரியாப் போயிரும்ல?"

சண்டைபோடுகிற குரல் இல்லை. விளக்குகிற குரல். அப்போதுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ம்" என்றார்.

அவர் தோட்டத்திலேயே இருந்தார். ஒருநாள் சாயந்திரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவரைப் பார்க்கப் போனேன். பெண்கள் வரிசையாகச் சாக்குகளோடு நின்றார்கள். அவருடைய சாக்கு தராசுக்குப் போகுமுன், முன்னால் நின்றவள் தன் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளி அதில் போட்டாள். அடுத்தவளும் போட்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. கர்ப்பிணிக்கும் கிழவிக்கும் லயத்துப் பெண்கள் எப்போதும் செய்வதுதான் இது; என் அம்மாவுக்கும் செய்திருப்பார்கள். நிறுப்பவர் தலையைத் திருப்பிக்கொண்டு போனைப் பார்த்தார். டாக்டர்கள் அளந்து பார்த்துப் போதாது என்ற வலியை, நான் தெரிந்தே பொய்யாக்கிய வலியை, கேள்வியே இல்லாமல் அந்தப் பெண்கள் நம்பினார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு, அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, நான் எழுந்து நின்று பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி விஷயம், டீக்கடை, நான் சொன்ன வாக்கியம், சிரித்தது, பஸ்ஸிலிருந்து பார்த்தும் இறங்காதது. அவர் முன்னாலேயே சொன்னேன். ஒரு பெண் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பிறகு வரவே இல்லை.

ஜெனிஃபர்தான் எழுந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டாள். ஆனால் தமிழில் கேட்டாள்.

"அக்கா, சார் அப்படிச் சொன்னாருன்னு தெரிஞ்சப்ப உங்களுக்கு எப்படி வலிச்சுச்சு?"

அவர் யோசித்தார். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வைத்திருப்பவர். கண்ணை மூடினார். உதடு ஒருமுறை அசைந்தது, ஒரு சொல்லை எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தது தெரிந்தது. இன்னொன்றை எடுத்தார், அதையும் வைத்தார். வெளியே மழை வந்து தகரக் கூரையில் அடித்து ஓய்கிற வரை நாங்கள் காத்திருந்தோம்.

"இன்னும் வார்த்த அம்புடலட்டி" என்றார். "கெடைச்சா சொல்லுதேன். இப்ப ஏதாச்சும் ஒண்ணச் சொல்லி வைக்கக் கூடாது."

பிறகு மப்ளரைச் சரிசெய்துகொண்டு, அன்றைய நோயைத் தொடங்கினார். மூட்டுவலி என்று நினைக்கிறேன்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் அவர் வேலையை விட்டார். மறையூரில் வெல்லம் காய்ச்சும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வகுப்பு நிற்கவில்லை. பெண்கள் ஞாயிறு மதியம் அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை நாற்காலிமேல் வைத்துவிடுவார்கள். முகமோ கையோ இல்லாமல் குரலால் மட்டும் நோயாளியாகிறார்; அது இன்னும் கடினம், ஆனால் அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஜெனிஃபர் இப்போது அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நான் இலக்கணம் நடத்துவதில்லை. கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

எல்லாம் முடிந்து பெண்கள் நன்றி சொன்ன பிறகு, போனை வைக்குமுன் அவர் ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"சார் இருக்காரா?"

"இருக்காருக்கா."

அந்தப் பக்கம் கரும்பாலையின் சத்தம் மட்டும் கேட்கும்.

"இன்னும் அம்புடல. சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்பார்.